பஞ்சலோகத்தின் வர்ணமும் கேமராவின் சாட்சியும்

கும்பகோணத்துக்கு மேற்கே சில மைல் தொலைவில், காவிரி கொணர்ந்து சேர்த்த வண்டலின்மேல் அமைந்திருக்கும் சுவாமிமலை, அறுபடை வீடுகளில் நான்காவது என்னும் பெருமையாலும், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் விக்கிரக வார்ப்பினாலும் கீர்த்தி பெற்ற ஊர். தேன்மெழுகோடு குங்கிலியத்தைக் கலந்து உருவம் சமைத்து, அதன்மேல் ஆற்று வண்டலை மெல்லிய பூச்சாகப் பூசி மண் அச்சுக் கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் பஞ்சலோகத்தை வார்க்கும் அந்தக் கலையைப் பற்றித் தமிழில் பலர் எழுதியிருக்கிறார்கள். அரமும் உளியும் தம் வேலையை முடித்து, புளியும் பூந்திக்கொட்டையும் கொண்டு தேய்த்து மெருகேற்றிய பிறகு, அந்த விக்கிரகத்துக்கு இந்நாளில் இன்னுமொரு காரியம் நடக்கிறது. அதைப் புகைப்படம் எடுக்கிறார்கள். அயல்நாட்டிலிருந்து வார்ப்புக்குச் சொல்லியிருப்பவருக்கு அனுப்பவும், இது தொன்மைப் பொருள் அன்று என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் பெறுவதற்கான மனுவோடு இணைக்கவும், கோயில் நிர்வாகத்தின் ஏட்டில் ஒட்டவும் படம் வேண்டியிருக்கிறது. அந்தப் படத்தில் தெரியும் வர்ணம் விக்கிரகத்தின் வர்ணந்தானா என்பதும், அல்லவெனில் அதை உள்ளபடி பெறுவதற்கு உண்டான சாதனங்கள் யாவை, அவற்றின் பலம் எவ்வளவு என்பதும் இக்கட்டுரையில் பரிசீலிக்கப்படும் விஷயங்கள்.

ஒரே சிவகாமியை ஒரே முற்றத்தில் நிறுத்தி இரண்டு கைபேசிகளால் எடுத்த படங்களுள் ஒன்றில் உலோகம் எலுமிச்சை மஞ்சளாகவும், மற்றொன்றில் செம்பு கலந்த காவியாகவும் தோன்றுவதை அத்தெருக்களில் தொழில் செய்வோர் யாவரும் அறிவர். சிலை கண்ணெதிரே நிற்கும்வரை எந்தப் படம் மெய்யென்ற கேள்விக்கு அவசியமே எழுவதில்லை. சிலை கப்பலேறிப் போன பிறகு, அல்லது கோயிலிலிருந்து களவு போன பிறகு, படம் ஒன்றே பிரமாணமாக எஞ்சும்போதுதான் அந்தக் கேள்வி தன் முழுக் கனத்தோடு நம்முன் வந்து நிற்கிறது.

கேமராவின் சென்ஸாருக்கு வர்ணம் தெரியாது. வந்து விழும் வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும். கோடாக் நிறுவனத்தின் ஆய்வாளரான ப்ரைஸ் பேயர் என்பவர் 1976-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டின்படி, சென்ஸாரின் நுண்கட்டங்களின்மீது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய வடிகட்டிகள் வைக்கப்பட்டு, பச்சை இரண்டு பங்கும் மற்றவை ஒவ்வொரு பங்குமாக அமைகின்றன. இந்த மூன்று வடிகட்டிகளும் நம் கண்ணிலுள்ள மூவகை உணர்விழைகளுக்கு ஒப்பாக இருக்குமானால் இந்தப் பிரச்சினையே இராது. கேமராவின் உணர்வுகளை ஒரு நேர் கணக்கினால் கண்ணின் உணர்வுகளாக மாற்ற முடிந்தால் மட்டுமே அது கண் கண்டதைக் காணும் என்ற நிபந்தனையை 1927-லேயே ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் லூதர் வகுத்தார்; இன்று கடையில் விற்கும் எந்தக் கேமராவும் அந்த நிபந்தனையை முற்றிலும் நிறைவேற்றுவதில்லை. ஆகையால் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டு மேற்பரப்புகள் கேமராவுக்கு இரண்டாகவும், கண்ணுக்கு வேறுபட்டவை கேமராவுக்கு ஒன்றாகவும் தோன்றுவது இயல்பு. சென்ஸார் தந்த எண்களை, சி.ஐ.ஈ. என்னும் சர்வதேச ஒளி ஆணையம் 1931-ல் சராசரி மனிதக் கண்ணுக்கென்று நிர்ணயித்த எண்களாக மாற்றிக் கொடுக்கும் கணக்கு ஒன்று இடையில் வேண்டும். அந்தக் கணக்கைத்தான் கலர் ப்ரொஃபைல் என்கிறோம்.

எல்லாக் கேமராவுக்கும் ஏதோ ஒரு ப்ரொஃபைல் ஏற்கெனவே உண்டு. தயாரித்தவர் தந்ததும் இருக்கும், அடோபி போன்ற மென்பொருள் நிறுவனத்தார் தந்ததும் இருக்கும். அவை தவறானவை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அவற்றின் நோக்கம் வேறு. வானம் இன்னும் சற்று நீலமாகவும், புல் இன்னும் சற்றுப் பசுமையாகவும், முகம் இதமாகவும் தெரிந்தால் வாங்குவோர் மகிழ்வார்கள் என்னும் அனுபவத்தின்மேல் அவை சமைக்கப்பட்டவை. நிழலை ஆழமாக்கி நடுநிலைத் தொனிகளை உயர்த்தும் ஒரு வளைகோடும் பெரும்பாலும் அவற்றோடு சேர்ந்தே வருகிறது. மாறுபாடு ஏறும்போது வர்ணச் செறிவும் கூடவே ஏறிவிடும். கண்ணுக்கு இனிமை என்பதும் கண்ணுக்கு உண்மை என்பதும் ஒரே இலக்கல்ல என்பதை ஒப்புக்கொள்ளாமல் இவ்விஷயத்தில் ஓரடியும் முன்னேற முடியாது.

யாருடைய கண்ணுக்கு இனிமை என்னும் கேள்வி ஒன்றும் இங்கே உண்டு; அதைத் தொடாமல் போவது நியாயமாகாது. 1950-களில் கோடாக் நிறுவனம் பிரிண்டு போடும் லேபுகளுக்கு அனுப்பிய ஷெர்லி அட்டை என்னும் அளவுப் படத்தில் இருந்தவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரியென்று வைத்துக்கொண்டார்கள். கறுத்த மேனியருடைய முகங்கள் நெடுங்காலம் சாம்பல் பூத்தும் இருளடைந்தும் வந்ததற்கு அந்த நியமமும் ஒரு காரணம். பல இனத்தவர் முகங்களும் சேர்ந்த அட்டைகள் பின்னாட்களில், பெரும்பாலும் 1990-களில்தான், வந்தன. காவிரிப் படுகையின் வெயிலில் கறுத்த மணமகனையும் மணமகளையும் கலியாண ஆல்பத்தில் மாவு பூசினாற்போல் வெளுக்கச் செய்யும் வழக்கம் நம்முடைய ஸ்டுடியோக்களில் இன்றும் மாறவில்லை என்பது எனக்கு மெய்யான வருத்தம். உள்ள நிறத்தை உள்ளபடி காட்டும் சாதனம் விக்கிரகத்துக்கு வேண்டும் என்று சொல்வதற்கு முன்னமே மனிதர்களுக்கு வேண்டும் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி அந்தச் சாதனத்தைப் பார்ப்போம். மக்காமி முதலிய மூவர் மாக்பெத் நிறுவனத்துக்காக 1976-ல் வெளியிட்ட கலர் செக்கர் அட்டை, உள்ளங்கையளவுச் சிறுவடிவிலும் பெரிய வடிவிலும் இன்று கிடைக்கிறது. வரிசைக்கு ஆறாக நான்கு வரிசைகளில் 24 கட்டங்கள் அதில் உண்டு. முதல் வரிசையில் கறுத்த தோல், வெளுத்த தோல், வானம், இலை, நீலப்பூ, நீலப்பச்சை என்று இயற்கைப் பொருள்களின் வர்ணங்கள்; இரண்டாவதில் ஆரஞ்சும் ஊதாவும் பசுமஞ்சளும் ஆரஞ்சுமஞ்சளும் போன்ற கலப்பு வர்ணங்கள்; மூன்றாவதில் நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள் முதலிய தூய வர்ணங்கள்; கடைசி வரிசையில் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஆறு சாம்பற்படிகள். அச்சுமை கொண்டு அச்சிட்ட படமன்று அது. கட்டமொவ்வொன்றும் தனித்தனியே கலந்து பூசப்பட்ட மங்கலான, பளபளப்பற்ற வர்ணப் பூச்சு. வெளிச்சத்தின் எந்த அலைநீளத்தை ஒவ்வொரு பூச்சும் எத்தனை பங்கு திருப்பி அனுப்புகிறது என்பது அளக்கப்பட்டு எண்களாக வெளியிடப்பட்டிருக்கிறது. முதல் வரிசையின் முதற் கட்டமே கறுத்த தோல் என்பது கவனிக்கத்தக்கது.

ஸ்தபதி வேலை தொடங்குமுன் தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, அதைத் தாளக் கணக்குப்படி மடித்து மடித்துக் குறிகள் இடுகிறார். ஒடியோலை என்று அதற்குப் பெயர். உத்தம தசதாளத்தில் 124 பாகங்களாக வகுக்கப்படும் உருவத்தில் முகத்துக்கு எத்தனை, மார்புக்கு எத்தனை என்பதை அந்த ஓலையே கடைசிவரை நிர்ணயிக்கிறது. கைப்பழக்கம் எவ்வளவு முதிர்ந்திருந்தாலும் ஓலையை வைத்துப் பாராமல் வேலை நடப்பதில்லை. வடிவத்துக்கு ஒடியோலை எதுவோ, வர்ணத்துக்கு அந்த அட்டை அதுவே.

அட்டையை விக்கிரகத்தின் அருகில், விக்கிரகத்தின்மேல் விழும் அதே வெளிச்சம் அதே கோணத்தில் அதன்மேலும் விழுமாறு நிறுத்தி, கேமரா எவ்விதத் திருத்தமும் செய்யாமல் சேமிக்கும் ரா கோப்பாக ஒரு படம் எடுக்க வேண்டும். வெள்ளைக் கட்டம் அளவுமீறி வெளுத்துவிடக் கூடாது. அட்டையில் எங்கும் கண்ணாடிபோன்ற பளிச்சிடல் விழக் கூடாது. பிறகு மென்பொருள், 24 கட்டங்களிலும் கேமரா சொன்ன எண்களையும் அவை இருக்க வேண்டிய எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, முன்னதைப் பின்னதாக்கும் கணக்கை வகுத்துத் தருகிறது. அந்தக் கேமராவுக்கும் அந்த வெளிச்சத்துக்கும் உரிய தனி ப்ரொஃபைல் அது. ப்ரொஃபைலின் அமைப்புக்குப் பொது இலக்கணம் வகுக்க அடோபி, ஆப்பிள், கோடாக் முதலிய நிறுவனங்கள் 1993-ல் ஐ.சி.சி. என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. அடோபி 2004-ல் டி.என்.ஜி. என்னும் கோப்பு வகையையும், 2008-ல் அதற்கான ப்ரொஃபைலைச் சாமானியரும் திருத்தக்கூடிய ஒரு கருவியையும் வெளியிட்டது. எக்ஸ்-ரைட் நிறுவனம் 2009-ல் சட்டைப்பைக்குள் அடங்கும் அட்டையோடு ப்ரொஃபைல் செய்யும் மென்பொருளையும் சேர்த்துத் தந்தது. காசு செலவில்லாமல் செய்ய விரும்புவோருக்கு ஆர்கில், டி-கேம்-ப்ராஃப் என்னும் மென்பொருள்களும், செய்த ப்ரொஃபைலை ஏற்றுக்கொள்ளும் ரா தெரபியும் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு கைபேசிகள் 2014 முதலே ரா கோப்பு எடுக்க இடங்கொடுப்பதால், பெரிய கேமரா இல்லாதவருக்கும் இந்த வழி அடைபட்டதன்று.

கணக்கு எந்த வகையாக இருக்க வேண்டும் என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. மூன்றுக்கு மூன்றாக ஒன்பது எண்கள் மட்டும் கொண்ட எளிய அணி ஒன்று. ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனித்தனித் திருத்தம் சொல்லும் விரிந்த அட்டவணை மற்றொன்று. அட்டவணை, அட்டையிலுள்ள 24 கட்டங்களையும் ஏறக்குறையப் பிசகில்லாமல் காட்டிவிடும். அதைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. கட்டங்களுக்கு இடைப்பட்ட வர்ணங்களில் அது வளைந்தும் முறிந்தும் போய், மென்மையாக மாறிச் செல்ல வேண்டிய தொனியில் திட்டுத்திட்டாகப் படிகள் உண்டாக்கக்கூடும். டி-கேம்-ப்ராஃபை எழுதிய ஆண்டர்ஸ் டோர்கர், கட்டங்களோடு கச்சிதமாகப் பொருந்துவதைவிட வழவழப்பான மாற்றத்துக்கே முதலிடம் தந்திருப்பது என் மதிப்பில் சரியான நிலை. விக்கிரகத்தின் கன்னத்திலும் தோளிலும் ஒளி வழுக்கிச் செல்வதைப் படமெடுப்பவருக்கு எளிய அணியே பெரும்பாலும் போதும். செய்த ப்ரொஃபைலைச் செய்த அட்டையைக் கொண்டே பரீட்சிப்பதில் அர்த்தமில்லை. 140 கட்டங்கள் கொண்ட பெரிய அட்டையையோ வர்ணம் அளந்து வைத்த வேறு பொருளையோ கொண்டுதான் பரீட்சிக்க வேண்டும். ப்ரொஃபைல் காட்டும் வர்ணத்துக்கும் அளந்து வைத்த வர்ணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை டெல்டா-ஈ என்னும் எண்ணால் சொல்கிறார்கள். ஏறத்தாழ 1 என்பது பழகிய கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு.

ஒரு வெளிச்சத்தில் செய்த ப்ரொஃபைல் மற்றொரு வெளிச்சத்துக்குப் பொருந்துமா என்பது அடுத்த கேள்வி. டி.என்.ஜி. ப்ரொஃபைலில் இரண்டு வெளிச்சங்களுக்கு இடமுண்டு; வழக்கமாக 2856 கெல்வின் அளவுள்ள பழைய இழை பல்பின் வெளிச்சத்துக்கு ஒன்றும், 6500 கெல்வின் அளவுள்ள பகல் வெளிச்சத்துக்கு மற்றொன்றும் செய்து வைத்தால், இடைப்பட்டவற்றை மென்பொருளே கணித்துக்கொள்ளும். சூரியனுக்கும் இழை பல்புக்கும் இது நன்றாகவே பொருந்துகிறது. ஏனெனில் அவற்றின் ஒளியில் எல்லா அலைநீளங்களும் தொடர்ச்சியாக உண்டு. மலிவான எல்.இ.டி. விளக்கின் கதை வேறு. அதில் 450 நானோமீட்டருக்கு அருகே நீலம் கோபுரம்போல் உயர்ந்தும், அதை அடுத்த நீலப்பச்சையில் பள்ளம் விழுந்தும், ஆழ்ந்த சிவப்பு வற்றியும் இருக்கும். இல்லாத ஒளியை எந்தக் கணக்கும் உண்டாக்க முடியாது. கருவறையின் எண்ணெய் விளக்கிலும் கற்பூர ஆரத்தியிலும் நீலமே மிகச் சொற்பம். அந்தத் தரிசனத்தின் அழகு வேறு, அளவுக்காக எடுக்கும் படம் வேறு.

தஞ்சைச் சீமைக்கே உரிய ஒரு சங்கடமும் இருக்கிறது. சம்பா பயிர் கரும்பச்சையாக நிற்கும் மாதங்களில் வயலோரத்துப் பட்டறையின் வாசலிலோ, வாழைக்கொல்லையை அடுத்த கொட்டகையிலோ சிலையை நிறுத்தினால், வானத்து வெளிச்சத்தோடு பயிரிலிருந்து எகிறிவரும் பசுமையும் கலந்து அதன்மேல் விழுகிறது. கண் சிறிது நேரத்தில் அதற்கு இணங்கிவிடுவதால் நாம் அதை உணர்வதில்லை, கேமரா உணர்கிறது. ஒரு பக்கம் வானத்தின் நீலமும் மறுபக்கம் பயிரின் பச்சையுமாக இரண்டு வெளிச்சம் விழும் சிலைக்கு ஒரே ப்ரொஃபைல் நியாயம் செய்ய முடியாது. வெள்ளைத் துணியால் மூன்று பக்கமும் மறைத்துக்கொள்வதே பரிகாரம். ஆனால் அந்தத் துணியையே வெண்மைக்கு அளவாகக் கொள்ளலாம் என்று எண்ணிவிடக் கூடாது. நீலம் போட்டு வெளுத்த வேட்டியிலும், சோப்புத்தூளின் ஒளிரும் ரசாயனம் ஏறிய துணியிலும், கண்ணைப் பறிக்கும் வெள்ளைக் காகிதத்திலும் வெண்மை என்று தோன்றுவது பெரும்பங்கு நீலமே. அவற்றை வைத்து ஒயிட் பேலன்ஸ் செய்தால் சிலை அனாவசியமாக மஞ்சளித்துப் போகும். அட்டையின் சாம்பற்கட்டம் ஒன்றே அதற்கு நம்பத்தக்கது.

ஒயிட் பேலன்ஸ் ஒன்றே போதாதா என்று கேட்போர் உண்டு. சாம்பலைச் சாம்பலாக்குவதோடு அதன் அதிகாரம் முடிகிறது. மஞ்சளும் காவியும் தத்தம் இடத்தில் நிற்கின்றனவா என்பது அதற்குத் தெரியாது. விக்கிரகத்தின் வர்ணமெல்லாம் அந்த மஞ்சளுக்கும் காவிக்கும் இடையிலேதான் இருக்கிறது.

உலோகம் மற்றப் பொருள்களைப் போலன்று. இதுவே இந்த ஆராய்ச்சியின் மையம் என்பது என் எண்ணம். துணியிலும் தோலிலும் வெளிச்சம் உள்ளே புகுந்து சிதறி, வர்ணம் பெற்று வெளியே வருகிறது. மேற்பரப்பில் பளிச்சிடும் ஒளி மட்டும் விளக்கின் நிறத்திலேயே திரும்புகிறது. மெருகேறிய செம்பில் உட்புகுதல் என்பதே இல்லை. பளிச்சிடும் ஒளியே வர்ணம் ஏறித் திரும்புகிறது. சுமார் 560 நானோமீட்டர் வரை அரைகுறையாகவே வெளிச்சத்தைத் திருப்பும் செம்பு, 600-ஐ எட்டுவதற்குள் ஏறக்குறைய முழுவதையும் திருப்பத் தொடங்கிவிடுகிறது. பித்தளையின் துத்தநாகம் கலக்கக் கலக்க அந்த ஏற்றம் சற்று முன்னதாகவே தொடங்கி உலோகத்தை மஞ்சளாக்குகிறது. இந்தச் செங்குத்தான ஏற்றம் நிகழுமிடமோ, கேமராவின் பச்சை வடிகட்டியும் சிவப்பு வடிகட்டியும் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடம். வடிகட்டிகள் ஒரு கேமராவுக்கும் மற்றொன்றுக்கும் அணுவளவு வேறுபட்டாலும் அந்த இடத்தில் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். ஒரே சிவகாமி ஒரு கைபேசியில் எலுமிச்சையாகவும் மற்றொன்றில் காவியாகவும் வருவதற்கு, இரு கைபேசிகளும் தாமாகச் செய்யும் அலங்காரங்களோடு, இதுவும் தலையாய காரணம்.

அட்டையில் உலோகக் கட்டம் இல்லை. எல்லாம் மங்கலான பூச்சு. ஆகவே அட்டையிலிருந்து பிறந்த ப்ரொஃபைல் பஞ்சலோகத்தைப் பற்றிச் சொல்வது ஓர் அனுமானமே; ஆயினும் தயாரிப்பாளரின் ப்ரொஃபைல் சொல்வதைவிட நல்ல அனுமானம். இதனினும் மேலான வழி, கேமராவின் மூன்று வடிகட்டிகளும் ஒவ்வோர் அலைநீளத்துக்கும் எவ்வளவு உணர்ச்சி காட்டுகின்றன என்பதை நேரே அளந்துவிடுவது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 28 கேமராக்களுக்கு அவ்விதம் அளந்து 2013-ல் வெளியிட்டார்கள். அந்த அளவும், செம்புக் கலவைகள் வெளிச்சத்தைத் திருப்பும் அளவும் கையிலிருந்தால், அட்டையின் துணையின்றியே உலோகத்துக்கென்று ஒரு ப்ரொஃபைலைக் கணக்கிட்டுவிடலாம். சுவாமிமலைக் கலவைக்கு அப்படி ஒன்றைச் செய்து பொதுவில் வைப்பது நம்முடைய பொறியியற் கல்லூரிகளுக்கு எட்டாத வேலையன்று.

ஓவியங்களையும் துணிகளையும் எடுக்கும்போது பளிச்சிடலை நீக்க விளக்கிலும் லென்ஸிலும் போலரைசர்களைக் குறுக்காக வைக்கும் முறை பலருக்குத் தெரியும். உலோகத்தில் அதைச் செய்தால், வர்ணத்தைச் சுமந்துவரும் ஒளியே தடைபட்டுச் சிலை கரிபிடித்தாற்போல் ஆகிவிடும். அகன்ற வெள்ளைப் பரப்பிலிருந்து மெல்லிய வெளிச்சம் வரச் செய்து, சிலையில் பிரதிபலிப்பது அந்த வெண்மையாகவே இருக்குமாறு பார்த்துக்கொள்வதே வழி. எடுக்கும்போது சிவப்பு அளவு நிரம்பி வழியாமலும் காத்துக்கொள்ள வேண்டும். செம்பின் பளபளப்பில் முதலில் நிரம்புவது அதுவே. அது நிரம்பிய இடத்தில் செங்காவி மஞ்சளாகி, மஞ்சள் வெள்ளையாகிவிடும். எந்த ப்ரொஃபைலும் அதைத் திருப்பித் தராது. 2023 செப்டம்பரில் ஜி-20 மாநாட்டையொட்டி டில்லி பாரத மண்டபத்தின் முன் நிறுவப்பட்ட 27 அடி உயர நடராஜர், சுவாமிமலையில் தேவசேனாபதி ஸ்தபதியின் புதல்வர்கள் வார்த்தது. 18 டன் எடையுள்ள அந்தத் திருவுருவம் நண்பகல் வெயிலில் ஒரு வர்ணமாகவும் இரவு விளக்கில் வேறொரு வர்ணமாகவும் படங்களில் காட்சி தருவதைக் காண்போர் இங்கே சொல்லியதன் நியாயத்தை அறிந்துகொள்வார்கள்.

புதிய விக்கிரகத்தை விட்டுப் பழைய விக்கிரகத்துக்கு வந்தால், வர்ணம் அழகு சம்பந்தமான விஷயம் என்னும் நிலை மாறி ஆரோக்கியம் சம்பந்தமான விஷயமாகிவிடுகிறது. மண்ணுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்த வெண்கலத்தின்மேல் செந்நிற ஆக்ஸைடும், அதன்மேல் ஆழ்ந்த பச்சையான களிம்பும், சில இடங்களில் நீலமும் படிந்திருக்கும். கெட்டியாகப் படிந்த கரும்பச்சை பெரும்பாலும் தீங்கற்றது; உலோகத்துக்கு ஒருவகைக் காப்பும் ஆகும். வெளிறிய பச்சையில் பொடிப்பொடியாகக் கிளம்புவது குளோரைடினால் உண்டாகும் நோய். ஈரக் காற்றுப் பட்டால் அது மேலும் மேலும் தின்றுகொண்டே போகும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-ல் தொடங்கிய ரசாயனக் கூடத்தில் டாக்டர் பரமசிவன் முதலியோர் நோயுற்ற வெண்கலங்களை மின்வேதியியல் முறையில் காப்பாற்றிய வரலாறு நம் நாட்டுக்குப் பெருமை தருவது. கரும்பச்சைக்கும் வெளிர்பச்சைக்கும் உள்ள பேதத்தை இந்த ஆண்டுப் படமும் பத்தாண்டுக்குப் பிந்திய படமும் ஒரே நியதியில் காட்டினால்தான் நோய் பரவியதா நின்றதா என்று சொல்ல முடியும். இரண்டு கேமராக்கள், இரண்டு வெளிச்சங்கள், இரண்டு அலங்காரங்கள் என்று படங்கள் வேறுபட்டால் மருத்துவர் கையில் கிடைப்பது குழப்பமே. பாலும் சந்தனமும் எண்ணெயும் நித்தியம் ஏற்கும் உற்சவ மூர்த்திகளுக்கோ, திருவிழாவுக்கு முன் புளியிட்டுத் துலக்கிய நாளில் ஒரு வர்ணமும் அடுத்த சில மாதங்களில் மற்றொரு வர்ணமும் இருப்பதால், படத்தோடு தேதியையும் துலக்கிய நாளையும் எழுதி வைக்காவிட்டால் மிகச் சரியான ப்ரொஃபைலும் பாதிப் பயன்தான் தரும்.

களவு போன விக்கிரகங்களை மீட்டதில் படங்களின் பங்கு அனைவரும் அறிந்தது. 1955-ல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் அடுத்த ஆண்டு முதல் கோயில் கோயிலாகச் சென்று எடுத்துச் சேர்த்த லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இல்லாதிருந்தால், அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடப்பட்டு 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தால் ஏறத்தாழ 50 லட்சம் டாலருக்கு வாங்கப்பட்ட நடராஜர், 2014-ல் திரும்பி வந்திருக்க மாட்டார். அந்தப் படங்களுள் மிகப் பல கறுப்பு வெள்ளை. அடையாளம் காட்டியவை திருவாசியின் சுடர்களும், தேய்மானமும், கீறல்களும், வார்ப்பின் குறைகளுமே. ஆதலால் வர்ணம் இல்லாமற் போனதால் சாட்சி கெட்டுவிட்டது என்று வாதிப்பது மிகை.

இருந்தபோதிலும் வடிவம் மட்டும் போதாமற் போன ஒரு சம்பவம் சுவாமிமலைக்கு அண்மையிலேயே நடந்தது. கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951-ல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராஜர், பழுதுபார்க்கக் கொடுக்கப்பட்டபோது அவரைப்போலவே ஒரு நகல் வார்க்கப்பட்டு, நகல் கோயிலுக்கும் மூலம் கள்ளச் சந்தைக்கும் போய்ச் சேர்ந்தன. 1965-ல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் தம் நூலில் எடுத்துச் சொல்லும்வரை கோயிலில் இருப்பது நகலென்பது உலகுக்குத் தெரியாது. அமெரிக்கக் கலைச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமன் வசமிருந்த மூலம் 1986-ல்தான் நாடு திரும்பிற்று. மூலத்தை எதிரே வைத்துக்கொண்டு தேர்ந்த கை வார்த்த நகலில் வடிவம் மிக நெருங்கி வந்துவிடுகிறது. நூற்றாண்டுகள் படிந்த களிம்பின் திட்டுகளும், செம்மையும் பச்சையும் கலந்துகிடக்கும் ஒழுங்கின்மையும் அவ்வளவு எளிதில் நகலில் வருவதில்லை. கண்டெடுத்த நாளிலேயே அளவுக்குட்பட்ட வர்ணப் படமொன்று எடுக்கப்பட்டிருந்தால், கோயிலுக்குத் திரும்பி வந்தது வேறு பொருள் என்பது வந்த நாளிலேயே சந்தேகத்துக்கு இடமாகியிருக்கும் என்பது என் துணிபு.

சுற்றுவட்டாரத்தில் இந்தச் சாதனம் உதவக்கூடிய வேறு தொழில்களும் உண்டு. திருபுவனத்துப் பட்டை வலைத்தளத்தில் விற்போருக்கு அரக்கையும் மாம்பழ மஞ்சளையும் உள்ளபடி காட்ட ப்ரொஃபைல் பெருந்துணை. ஆனால் பாவும் ஊடும் வெவ்வேறு நிறமாக நெய்த மயில்கழுத்துச் சேலை, பார்க்கும் கோணத்துக்கு ஒரு வர்ணம் காட்டுவது. அதற்கு ஒரே வர்ணம் என்பதே இல்லாதபோது ப்ரொஃபைலைக் குறை சொல்லிப் பயனில்லை.

படம் சரியாக அமைந்த பிறகும் அதைப் பார்க்கும் திரை சரியாக இல்லாவிட்டால் உழைப்பு வீண். திருத்துபவர் தம் மானிட்டரை அதற்குரிய கருவியால் அளந்து நிலைநிறுத்திக்கொள்ளலாம். வாங்குவோர் தம் கைபேசியில் எப்படிக் காண்பார் என்பது திருத்துபவர் கையில் இல்லை. 1996-ல் வகுக்கப்பட்ட எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் பொது வர்ணவெளியில் படத்தை அனுப்பி, அட்டையும் உடன் தெரியும் ஒரு படத்தையும் சேர்த்து அனுப்புவது இயன்ற காரியம். எதிர்ப்பக்கத்தார் சாம்பற்கட்டத்தைப் பார்த்துத் தம் திரையைத் தாமே எடைபோட்டுக்கொள்வார்.

இத்தனையும் பரிசீலித்தபின் என் முடிபு இது. தனி ப்ரொஃபைல் செய்வது நன்று; ஆனால் ப்ரொஃபைலைவிட மேலானவை இரண்டு: சட்டகத்துக்குள் நிற்கும் அட்டையும், திருத்தாமல் காக்கப்படும் ரா கோப்பும். இவ்விரண்டும் இருந்தால் இன்று செய்யத் தெரியாத ப்ரொஃபைலை நாளை வேறொருவர் செய்துகொள்வார். இவை இல்லாவிட்டால் எவ்வளவு நுட்பமான மென்பொருளும் ஊகத்தின்மேல் ஊகம் கட்டுவதாகவே முடியும். அட்டையின் விலை, ஒரு சிறு விக்கிரகத்தின் விலையை நோக்க அற்பம். வெயிலிலும் கைப்பட்டும் அதன் பூச்சு மங்குமாதலால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிது வாங்கும் செலவும் தாங்கக்கூடியதே.

1972-ஆம் ஆண்டுத் தொன்மைப் பொருள்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்வோரும், அறநிலையத் துறையின் பொறுப்பிலுள்ள திருமேனிகளையும் திருவாரூர் முதலிய விக்கிரகப் பாதுகாப்பு மையங்களில் இருப்பவற்றையும் படமெடுப்போரும், சுவாமிமலைப் பட்டறைகளில் சான்றிதழ் மனுவுக்குப் படம் எடுப்போரும், ஒவ்வொரு திருவுருவத்துக்கும் முதற்படத்தில் அட்டையை வைத்து எடுத்து, எந்தக் கேமரா, எந்த வெளிச்சம், எந்தத் தேதி என்ற மூன்றையும் எழுதி, ரா கோப்பை இரண்டு இடங்களில் காத்து வைக்கும் வழக்கத்தை இந்த ஆண்டிலேயே மேற்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.